நிழல்வாகைக் காயைக் கொளுத்தாதீர்கள்



மாரி போய் வெயில் ஏறும் காலத்தில், வீதியோரங்களில் கறுத்த நீட்டுக் காய்கள் விழுந்து கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். நிழல்வாகைக் காய்கள் அவை. பொழுதுபடும்போதும் மழை இருட்டிலும் இலைகளை மடித்துக்கொள்வதால் தூங்குமூஞ்சி மரம் என்றும் இதனைச் சொல்வார்கள். தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து நிழலுக்காக வந்த மரம் இது.

இதன் காய் முற்றினாலும் தானாக வெடிக்காது. உள்ளே பிசுபிசுப்பான, இனிப்பான சதை இருக்கும். ஆடு மாடுகள் விரும்பித் தின்னும். நாமோ கூட்டிக் கொளுத்துகிறோம். புல் கருகி, தீனி வாங்கக் காசில்லாமல், வளர்த்த ஆட்டை வந்த விலைக்கு விற்பதும் அதே காலத்தில்தான். தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு இரண்டு ஆடு என்பது பிள்ளைகளின் படிப்புச் செலவல்லவா? அதனால்தான் இம்மாதம் இதை எழுதுகிறேன்.

புதிதாக விழுந்த காய்களைப் பொறுக்குங்கள். ஒடித்தால் 'சடக்'கென்று முறியும்வரை நல்ல வெயிலில் காயவிடுங்கள். ஈரம் இருந்தால் உரலில் ஒட்டும், பூஞ்சணமும் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்ததை ஒருபோதும் கொடுக்க வேண்டாம். காய்ந்ததை சாக்கில் கட்டி, நிலத்தில் படாமல் பலகைமேல் வையுங்கள்.

கொடுக்கும்போது இடித்துக் கொடுங்கள். விதையில் நல்ல புரதம் உண்டு. ஆனால் தோல் கடினம். முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே எருவோடு வந்துவிடும். முதலில் ஒரு பிடி போதும். பழகியபின் கூட்டலாம். ஆனாலும் குழையும் புல்லும்தான் முதன்மைத் தீனி. காய் அதற்குத் துணை மட்டுமே.

ஒன்றை மறக்க வேண்டாம். பொறுக்கப் போகும் காணி கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேட்டறியுங்கள். மண்டையோட்டுப் பலகை உள்ள இடத்துக்குள் ஒரு காய்க்காகவும் கால் வைக்காதீர்கள். பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள்.

எருவில் முளைக்கும் கன்றை எடுத்து நடலாம். வேரில் தழைச்சத்தைச் சேர்ப்பதால் மண்ணுக்கும் நல்லது. ஆனால் பெரிதாகப் படரும், கொப்பும் காற்றுக்கு முறியும். வீட்டுக்கும் கிணற்றுக்கும் தள்ளி, காணியின் கோடியில் நடுங்கள்.

அடுத்த வெயிலுக்கு இரண்டு சாக்குக் காயாவது உங்கள் கொட்டிலில் இருக்கட்டும். ஆட்டை விற்பதானால், நல்ல விலை வரும் நாள் பார்த்து நீங்களே விற்கலாம்.