நன்மை செய்யும் பாக்டீரியாவும் நலிந்த உடலும்

1908ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபெல் பரிசு இருவருக்குப் பகிர்ந்தளிக்கப்பெற்றது. ஒருவர் அந்நாளைய ருஷ்யப் பேரரசில் பிறந்த மெச்னிகாஃப். மற்றவர் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக். வெள்ளணுக்களுட் சில, உடலினுட் புகும் கிருமிகளை விழுங்கி அழிக்கின்றன என்று காட்டியவர் மெச்னிகாஃப். புளித்த பாலிலுள்ள பாக்டீரியாக்கள் குடலுக்கு நன்மை பயப்பன என்னும் கொள்கையைப் பரப்பியவரும் அவரே. இரசாயனப் பொருள்களைக் கொண்டு நோயைத் தாக்கும் முறைக்குக் கீமோதெரபி என்று பெயரிட்டவர் எர்லிக். வெள்ளணு, நன்மை செய்யும் பாக்டீரியா, இரசாயன மருந்து ஆகிய இம்மூன்றும் இன்று புற்றுநோயாளியின் உடலில் ஒன்றையொன்று சந்திக்கின்றன. அச்சந்திப்பு எப்பொழுதும் நன்மையாகவே முடியும் என்று கொள்வதற்கில்லை.

புற்றுநோய் மருந்துகளுட் பல, விரைந்து பெருகும் உயிரணுக்களை அழிக்கும் இயல்புடையன. எலும்பு மஜ்ஜையிலும் குடலின் உட்படலத்திலும் உள்ள நல்ல உயிரணுக்களும் அவ்வாறே விரைந்து பெருகுவன. ஆதலின் அவையும் தாக்குறுகின்றன. காவல் புரியும் வெள்ளணுக்கள் குறையும் வேளையில், மதில் போன்ற குடற்சுவரும் பழுதடைகிறது. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 2,000க்குக் குறையாதிருக்க வேண்டிய நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள், 500க்கும் கீழே இறங்கிவிடுதல் உண்டு. மருந்து செலுத்திய 7 முதல் 14 நாட்களுக்குள் இந்நிலை பெரும்பாலும் தோன்றும்.

இவ்வேளையில்தான் உறவினர் சிலர், நோயெதிர்ப்பு ஆற்றலை வளர்ப்பதாக விளம்பரம் செய்யப்படும் பாக்டீரியாக் குளிகைகளை வாங்கி, மருத்துவருக்குத் தெரிவியாமலே கொடுக்கின்றனர். அவர்தம் அன்பு குறை கூறத்தக்கதன்று. ஆனால், 'நன்மை வராவிடினும் தீமை வாராது' என்னும் அவர்தம் எண்ணம் பிழையானது. லாக்டோபாசில்லஸ் இனங்களும், சாக்கரோமைசிஸ் பௌலார்டி என்னும் ஈஸ்ட்டும், நலிந்த நோயாளிகளின் இரத்தத்திற் புகுந்து தொற்று விளைவித்த நிகழ்ச்சிகள் அரியனவேயாயினும் பதிவாகியுள்ளன. 2008இல் வெளியான நெதர்லாந்து ஆராய்ச்சியொன்றில், கடுங் கணைய அழற்சியுற்றோருள் இத்தகைய பாக்டீரியாக்களைப் பெற்றவர்களில் நூற்றுக்கு 16 பேரும், பெறாதவர்களில் 6 பேரும் இறந்தனர். அது புற்றுநோய் பற்றிய ஆராய்ச்சியன்று; எனினும், கடும் பிணியுற்ற உடலில் 'தீங்கற்றது' என்ற சொல்லை எளிதில் வழங்கலாகாது என்பதை அது உணர்த்துகிறது.

அங்ஙனமாயின் இவற்றை அறவே விலக்கிவிடலாமோ எனின், அதுவும் பொருந்தாது. ஃபின்லாந்தில் பெருங்குடற் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 150 பேரிடையே நிகழ்ந்து 2007இல் வெளியான ஆராய்ச்சியில், ஒருவகை லாக்டோபாசில்லஸ் பெற்றவர்களில் நூற்றுக்கு 22 பேருக்கும், பெறாதவர்களில் 37 பேருக்கும் கடும் வயிற்றுப்போக்கு உண்டாயிற்று. இது மதிக்கத்தக்க பயனே. ஆனால் வயிற்றுப்போக்குக் குறைதல் வேறு. வெள்ளணுக்கள் பெருகுதல் வேறு. மேலும், ஓரினத்தில் ஒரு வகை அளித்த பயனைப் பிறிதொரு வகையும் அளிக்கும் என்று கொள்ளுதல் முறையன்று.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித்தொழில்நுட்பத் துறையும் 2011இல் வெளியிட்ட நெறிமுறைகள், பாக்டீரியாவின் இனம், வகை, உயிருள்ளவற்றின் எண்ணிக்கை ஆகியவற்றை உறையிற் குறிக்க வேண்டும் என்கின்றன. இவை நன்றே. எனினும் எண்ணிக்கையைக் கண்டு ஏழை உறவினர் அறியத்தக்கது யாது? 'நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியோர் மருத்துவரைக் கேளாது உட்கொள்ளற்க' என்னும் ஒரு வரி, அவரவர் தாய்மொழியில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அங்கே பொறிக்கப்படுதல் வேண்டும். மருத்துவர்களும், 'வேறு என்ன உட்கொள்கிறீர்கள்?' என்று ஒவ்வொரு முறையும் வினவுதல் வேண்டும். வீட்டுத் தயிரைப் பற்றிய ஐயத்தையும் அவரிடமே கேட்டுத் தெளியலாம்.

சிகிச்சைக் காலத்தில் உடல் வெப்பம் 100.4 பாரன்ஹீட் பாகையை எட்டினால், நோயாளியைத் தாமதமின்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லல் வேண்டும். குளிகை ஏதேனும் கொடுத்திருப்பின் அதனையும் மறையாது உரைத்தல் வேண்டும். இரத்தத்தில் எக்கிருமியைத் தேடுவது என்பதற்கு அச்செய்தி வழிகாட்டும். ஓர் உயிரைக் காக்கவும் அது உதவக்கூடும்.