‘ஊர் நடப்பு’: யாருடைய நடப்பு?

முனைவர் பட்ட ஆய்வுக்காக அரசுக் கட்டடப் பணியிடங்களில் கூலி விவரம் சேகரித்து வருகிறேன். ஓரிடத்தில் சித்தாள் வேலை பார்க்கும் அக்கா ஒருவரிடம், “பலகையில எழுதியிருக்கிற கூலி கைக்கு வருதாக்கா?” என்று கேட்டேன். “அது கவர்மெண்டு கணக்கு தம்பி. எங்களுக்கு மேஸ்திரி சொல்றதுதான். ஊர் நடப்பு என்னவோ அதைத் தருவாரு” என்றார்.

அந்த ‘ஊர் நடப்பு’ என்பது என்ன? மறுத்துப் பேச நிலமோ சேமிப்போ இல்லாதவர்கள் எவ்வளவுக்கு இறங்கி வருவார்களோ, அதுதான் நடப்பு. நான் சந்தித்த சித்தாள்களில் பெரும்பாலோர் சேரிப் பெண்கள். சாதி போட்டு வைத்த விலைப்பட்டியலைத்தான் நாம் சந்தைக் கூலி என்கிறோம்.

இது நம் நாட்டுக் கதை மட்டுமல்ல. அரசு ஒப்பந்தங்களில் அந்தந்த வட்டாரத்தில் நிலவும் கூலிக்குக் குறைக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1931இல் டேவிஸ்-பேக்கன் சட்டம் வந்தது. நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் அரசு மருத்துவமனை கட்ட, அலபாமா ஒப்பந்தக்காரர் ஒருவர் கறுப்பினத் தொழிலாளர்களை அழைத்து வந்ததுதான் அதன் தொடக்கம். கூலி வெட்டைத் தடுத்த அதே விதி, கறுப்பினத்தவரைச் சேர்க்காத வெள்ளையர் சங்கங்களுக்கு வேலியாகவும் பயன்பட்டது. விதியின் நன்மை, ‘நிலவும்’ என்பதை யார் வரையறுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

அதற்காக விதியே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? குறைந்த தொகை கேட்டவருக்கே டெண்டர். சிமெண்டும் கம்பியும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே விலை. ஒப்பந்தக்காரர் கைவைக்க எளிதான இடம் கூலிதான். அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்திலேயே, அரசு ஒப்பந்தங்களில் நியாயக் கூலி விதி குறித்து முத்தரப்புக் கூட்டங்களில் விவாதிக்கப்பட்டது.

1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் நடந்த கட்டுமானங்களில் குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9.25 ரூபாய். அதில் 1 ரூபாயை ஜமாதார்கள் தரகாகப் பிடித்துக்கொண்டார்கள். சில பெண்களுக்கு 7 ரூபாய்தான் கிடைத்தது என்றும் உச்ச நீதிமன்றத்தில் முறையிடப்பட்டது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று நீதிபதி பகவதி தீர்ப்பெழுதினார். ஒப்பந்தக்காரரைக் கைகாட்டி அரசு தப்பிக்க முடியாது என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு.

நாற்பது ஆண்டுகள் கடந்தும் ஜமாதாரின் இடத்தில் மேஸ்திரி நிற்கிறார். ஆகவே நம் கோரிக்கை தெளிவாக இருக்க வேண்டும். ஊர் நடப்பு அல்ல, செய்யும் வேலையே கூலிக்கு அளவுகோல் ஆகட்டும். பல ஆண்டு வேலை தெரிந்த பெண்களுக்குக் கொத்தனார் தரமும் அதற்குரிய கூலியும் வேண்டும். தொழிலாளியின் வங்கிக் கணக்கில் முழுக் கூலி சேர்ந்த சான்று இல்லாமல் எந்தப் பில்லும் பாஸ் ஆகக் கூடாது.

மக்கள் வரிப்பணத்தில் எழும் கட்டடத்துக்குச் சாதிக் கூலி கொடுப்பதை, ஒப்பந்தக்காரரின் குற்றம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பில்லில் கையெழுத்துப் போடுவது அரசு.