காருக்கும் வேண்டும் லைன் கிளியர்

வருங்காலக் கார் எப்படி இருக்கும் என்று ஆளுக்கு ஆள் ஆரூடம் சொல்கிறார்கள். தானே ஓடுமாம், தானே நிற்குமாம். டிரைவர் கொட்டாவி விட்டால், 'இறங்கி ஒரு டீ குடியுங்கள்' என்று உபசாரம் வேறு செய்யுமாம்! இந்தக் கொட்டாவி சமாசாரம் ரயில்வேக்குப் பழசு. எஞ்சின் டிரைவர் ஒரு நிமிஷம் எதையும் இயக்காமல் இருந்தால் விளக்கு எரியும், ஒலி எழும்பும். அப்போதும் அவர் அசையாவிட்டால் பிரேக் தானாக விழும். அங்கே கெஞ்சல் கிடையாது.

கார்தான் கெஞ்சுகிறது. 2019 ஜூலை முதல் நம் நாட்டுப் புதுக் கார்களில், பெல்ட் போடாவிட்டாலும் 80 கிலோமீட்டரைத் தாண்டினாலும் ஒலி எழுப்பும் கருவி கட்டாயம். நம்மவர் என்ன செய்தார் தெரியுமோ? பெல்ட்டின் நாக்கை மட்டும் தனியாக விலைக்கு வாங்கிக் கொக்கியில் செருகிவிட்டார். சத்தமும் நின்றது, பெல்ட்டும் இல்லை. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணையக் கடைகள் மீது உத்தரவு போட்டது. அந்தக் கிளிப்புகள் 13,118 இடங்களில் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. உயிர் காக்கும் சாதனத்தை ஏமாற்ற இத்தனை கடை விரித்திருக்கிறோம்!

காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதிக்கு மீட்டர் கேஜ் ஓடிய காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒற்றைப் பாதையில் டோக்கன் கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். அடுத்த ஸ்டேஷன்காரர் சம்மதிக்காமல் டோக்கன் பெட்டியை விட்டு வெளியே வராது. பாயிண்ட் சரியாகப் பூட்டாவிட்டால் கைகாட்டி இறங்காது. எது பழுதானாலும் சிவப்புதான். காரிலோ, பழுதானால் ஒரு சின்ன விளக்கு எரியும். நாம் அதற்குக் குங்குமப் பொட்டு வைத்துவிட்டு ஓட்டுவோம்.

ஆகவே, பெல்ட் போடாமல் எஞ்சின் கிளம்பவே கூடாது என்பது என் கட்சி. அமெரிக்கர்கள் 1974 மாடல் கார்களில் இதைச் செய்து பார்த்தார்கள். பக்கத்து சீட்டில் காய்கறிப் பை வைத்தால்கூட அதற்கும் பெல்ட் கேட்டு வண்டி அடம் பிடித்தது. ஜனங்கள் கொதித்துப்போக, அந்த ஆண்டே அவர்கள் பார்லிமெண்ட் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. கத்தரிக்காய்க்கும் மனிதனுக்கும் வித்தியாசம் தெரியும் கருவி இன்று செய்ய முடியும்; மனசுதான் இல்லை.

நம் திருமலைப் பாதையையே பாருங்கள். 1944-இல் திறந்த பழைய பாதையில் இப்போது வண்டிகள் இறங்குகின்றன. வேகத்தைக் கட்டுப்படுத்தச் சீட்டில் நேரம் குறித்தார்கள்: ஏற 28 நிமிஷம், இறங்க 40 நிமிஷம், அதற்குக் குறையக் கூடாது. நல்ல யோசனைதான். ஆனால் பறந்து வந்து, சாவடிக்குச் சற்று முன்னால் ஓரங்கட்டி, மிச்ச நேரத்துக்கு வேர்க்கடலை கொறிக்கும் புண்ணியவான்களை நான் கண்டிருக்கிறேன்.

2022 மார்ச்சில் பாகராப்பேட்டை மலைப்பாதையில் நிச்சயதார்த்தத்துக்குப் போன பஸ் பள்ளத்தில் விழுந்தது. 2024 செப்டம்பரில் மொகிலி மலைப்பாதையில் பஸ்ஸும் லாரியும் மோதின. இரண்டிலும் பல உயிர்கள் போயின. அவை பஸ், நமக்கென்ன என்கிறீர்களா? அதே வளைவுகளில்தான் நம் காரும், பின் சீட்டில் பெல்ட் இல்லாத பிள்ளைகளோடு, இறங்குகிறது.

வருங்காலக் கார் பேசட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. சித்தூர் ஜில்லாவில் ஓடுவதானால் தமிழிலும் தெலுங்கிலும் திட்டத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். புது வண்டிக்கு நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வையுங்கள், அதற்கும் ஆட்சேபணை இல்லை. பின் சீட்டு அத்தை மட்டும், 'புடவை கசங்கும், பெல்ட் போட மாட்டேன்' என்றால் வண்டி அலிபிரியிலேயே நிற்கட்டும். பக்கத்திலேயே படி வழி இருக்கிறது. 3,550 படிகள்தான்.