தொட்டறியும் கல்வி யாருக்கு?

கர்நாடகத்தின் பைலகுப்பேயிலும் முண்ட்கோடிலும் உள்ள திபெத்திய மடங்களில் பௌத்தத் துறவியர் இன்று மூளை நரம்பியல் பயில்கின்றனர். தலாய் லாமாவின் விருப்பத்தை ஏற்று அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகம் உருவாக்கிய அறிவியல் பாடத்திட்டம், 2014 முதல் சேரா, டிரேபுங், கான்டென் பெருமடங்களில் நடைமுறைக்கு வந்தது. பாடநூல்கள் திபெத்தியத்திலும் ஆங்கிலத்திலும் அச்சாயின. புதிய கலைச்சொற்கள் ஆக்கப்பட்டன. தியானம் செய்யும் துறவியின் தலையில் மின்முனை பொருத்தி அளந்த செய்திகளை நாம் நிறையப் படித்திருக்கிறோம். அங்கே அவர் ஆய்வுப்பொருள், இங்கே மாணவர். (மடங்களை நாம் புனிதப்படுத்தவில்லை. திபெத்தியப் பெண் துறவியர் 20 பேருக்கு கெஷேமா பட்டம் 2016இல்தான் கிட்டியது.)

நரம்பியலைக் கையால் செய்து கற்பதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. கண்ணை மூடியிருப்பவரின் விரல்நுனியில் இரு குச்சிமுனைகளை 3 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்தால் இரண்டென உணர்வார். முதுகிலோ, சில சென்டிமீட்டர் விலக்கினால்தான் இரண்டாகத் தெரியும். விரல்நுனியில் தொடுநரம்புகள் செறிந்திருக்கின்றன. மூளைப் புறணியிலும் விரல்களுக்குரிய பரப்பு பெரிது. இச்சோதனைக்கு ஒரே நிபந்தனை, ஒருவர் மற்றவரைத் தொட வேண்டும்.

அந்த நிபந்தனையைச் சிவகங்கை மாவட்டத்தில் நின்று எண்ணிப் பார்க்கிறோம். கண்டதேவியில் தேர்வடத்தைத் தொடும் உரிமைக்காகத் தலித்துகள் நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்த மண் இது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953 முதல் இயங்குகிறது. அதற்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார். ஆனால் வழக்கு ஒன்றுக்காக நாம் சென்ற நடுநிலைப் பள்ளியில் அறிவியல் கருவிகள் அலமாரியில் பூட்டிக் கிடந்தன. சாவி யாரிடம் என்பது தெரியவில்லை. சேரிப் பிள்ளைகள் நுண்ணோக்கியைக் கரும்பலகை பார்த்து வரைந்து வைத்திருந்தனர், மிக அழகாக.

பௌத்தமும் அறிவும் நமக்கு அயலானவை அல்ல. அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியது 1898இல். புலம்பெயர்ந்து வந்த ஒரு சமூகத்தின் மடங்களுக்குள் செய்முறை அறிவியல் நுழைய முடிந்திருக்கிறது. அரசின் பள்ளியில் அலமாரி திறக்காததற்கு வறுமையைக் காரணம் காட்ட இயலாது.

கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 29ஆம் பிரிவு, செயல்பாடு, கண்டறிதல், தேடல் வழியே கற்பதைப் பாடத்திட்டம் வகுப்போர் கருத்தில் கொள்ளப் பணிக்கிறது. மாணவத் தோழர்கள் தத்தம் ஊர்ப் பள்ளி குறித்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு இடலாம். அறிவியல் கருவிகளின் இருப்புப் பதிவேட்டு நகலையும், அவை வகுப்பறைக்கு இறுதியாக எடுத்துச் செல்லப்பட்ட நாளையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் மேல்முறையீட்டுக்கு நாம் துணைநிற்போம்.