உறுதிப் பையில் ஒரு பென் டிரைவ்

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய தோற்பை இருக்கிறது. காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், பரீட்சைப் பெறுபேறுகள் எல்லாம் அதற்குள்தான். 1995 ஒக்டோபரில் அச்சுவேலியை விட்டுத் தென்மராட்சிக்குப் போனபோது அம்மா முதலில் தூக்கியது அந்தப் பையைத்தான். இப்போது அதற்குள் ஒரு பென் டிரைவும் கிடக்கிறது.

படங்களும் கடிதங்களும் ஒரு பக்கம் இருக்க, லினக்ஸ் மின்ட் இயங்குதளம் முழுதாக அதில் இருக்கிறது. கணினியில் செருகி, இயக்கும்போதே எஃப்12 விசையை அழுத்தி (சிலவற்றில் எஃப்9, சிலவற்றில் எஸ்கேப்) பென் டிரைவைத் தெரிவுசெய்தால் போதும். உள்ளே இருக்கும் விண்டோஸைத் தொடாமலே என் மேசை விரியும்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பிள்ளை மடிக்கணினியோடு வந்தாள். உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிறாள்.

“மாமா, ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சாம். புதுசு போட இப்ப அப்பாட்டக் காசில்லை.”

“அது இல்லாமலும் ஓடும் பிள்ளை. இஞ்ச கொண்டா.”

பழுதான வன்தட்டைக் கழற்றிவிட்டு, 16 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் மின்டை எழுதிச் செருகினேன். இரண்டு நிமிடத்தில் திரை வந்தது. அன்றிரவே பைத்தனில் ஒரு நிரல் எழுதி முடித்தாள். மறுநாள் விடிய அழாக்குறையாக நின்றாள். எழுதியது ஒன்றுமே இல்லை.

பிழை என்னுடையது. இப்படி ஓடும் லினக்ஸ் ரேமுக்குள்தான் வேலை செய்யும். அணைத்தால் எல்லாம் போய்விடும். சேமித்தது நிலைக்க வேண்டுமென்றால் பென் டிரைவிலேயே அதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும். ரூஃபஸ் என்ற மென்பொருளால் எழுதும்போது அந்த அளவைக் கேட்கும். நான் பூச்சியத்திலேயே விட்டிருந்தேன். திரும்ப எழுதி 8 ஜிபி ஒதுக்கினேன். தமிழுக்கு றெங்கநாதன் விசைப்பலகையையும் சேர்த்துக் கொடுத்தேன். பிறகு ஒரு வரிகூடத் தொலையவில்லை.

வன்தட்டு இல்லாமல் ஓட்டும் இந்த யோசனை புதிதல்ல. 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியரான கிளவுஸ் க்னொப்பர் இறுவட்டிலிருந்தே ஓடும் க்னொப்பிக்ஸ் என்ற லினக்ஸை வெளியிட்டபோது, ஏறக்குறைய 2 ஜிபி மென்பொருளை 700 எம்பி இறுவட்டுக்குள் சுருக்கி வைத்திருந்தார். இறுவட்டிலிருந்து கணினியை இயக்கலாம், அதில் எதையும் எழுதி வைக்க முடியாது. பென் டிரைவ் வந்துதான் அந்தக் குறை தீர்ந்தது.

2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு மேம்படுத்தல்களை மைக்ரோசொஃப்ட் பொதுவாக நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகளை எறிந்துவிடாதீர்கள் என்று சனசமூக நிலையங்களை நடத்துகிறவர்களைக் கையெடுத்துக் கேட்கிறேன். 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நன்றாகவே ஓடுகிறது. சொந்தக் கணினி இல்லாத பிள்ளை தன் பென் டிரைவோடு வந்து, தன் வேலையை முடித்து, அதை உருவிக்கொண்டு போகலாம். அடுத்து உட்காருகிறவருக்கு அவளுடைய கடவுச்சொல்லோ கோப்போ மிஞ்சாது.

ஆனால் பென் டிரைவும் தேயும். ஓயாமல் எழுதி எழுதி ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிடும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னொன்றில் பிரதி எடுத்து வைக்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் இரண்டாவது பென் டிரைவ் இல்லை. என்னிடம் சும்மா கிடப்பதை இந்த ஞாயிறு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.