கலந்து பழகலும் கைவிடாமையும்

கூடியிருப்பாரோடு ஒத்து வாழ விரும்புதல் மனித இயல்பு. பதினைந்து வயதிலே அவ்விருப்பம் பசியினும் வலிது. தோழர் உடுப்பதுபோல் உடுக்கவும் அவர் பேசுவதுபோற் பேசவும் விழையும் மாணவனை நாம் பெரும்பாலும் ஏசுகின்றோம். மொழியை மறந்தான், சமயத்தை மறந்தான் எனத் தூற்றுகின்றோம். இவ்வேச்சினால் விளையும் பயன் யாதுமில்லை என்பதே எமது துணிபு.

கொழும்பிலே உத்தியோகம் பார்க்கும் இளைஞன் ஒருவன் விடுதி வாயிலைத் தாண்டுமுன் நெற்றித் திருநீற்றைத் துடைத்துவிடுகின்றான். இலண்டனிலோ தொறொன்றோவிலோ வளரும் பிள்ளை, பிறர் நாவுக்கு எளிதாகும்படி தன் பெயரை ஈரெழுத்தாகக் குறுக்கிக்கொள்ளுகின்றது. இவர்கள் தம் மரபை வெறுத்து இவ்வாறு செய்கின்றார்கள் என்று கொள்ளுதல் தவறு. "இஃது என்ன? ஏன்?" என்று அயலார் வினவுமிடத்து விடைகூறத் தெரியாமையே பெரும்பாலும் கூச்சத்துக்குக் காரணமாகின்றது. விளங்காத பொருள் சுமை. விளங்கிய பொருள் உடைமை. கூச்சத்தின் வேர் அறியாமையாயின், அதற்கு மருந்து ஏச்சன்று, கல்வியே.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. சிறுப்பிட்டியில் 1832இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டைச் செமினரியிலே ஆங்கிலங் கற்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். அரசாங்க உத்தியோகத்திலும் அமர்ந்தார். எனினும், செல்லரித்து அழிந்துகொண்டிருந்த ஏடுகளைத் தேடித் திரட்டி, ஒப்புநோக்கித் திருத்தி, தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் அச்சேற்றினார்.

காரைதீவிலே 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகளார் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. வழக்கொழிந்த பழந்தமிழ் யாழின் இயல்பை ஆராயப் புகுந்தபோது அவருக்குக் கைகொடுத்தது சிலப்பதிகாரப் பயிற்சி மட்டுமன்று. நரம்பின் நீளத்தையும் ஒலியின் அளவையும் எண்ணாற் கணிக்கும் விஞ்ஞான அறிவுமாகும். 1947இல் வெளிவந்த யாழ்நூல் அவ்விரண்டும் கூடிப் பயந்த பிள்ளை. இவ்விருவரும் பிறர் கல்வியை அஞ்சி ஒதுக்கினாரல்லர். அதனைப் பெற்றபின் தமதை நாணி மறைத்தாருமல்லர்.

நிற்க. கனடா நாடாளுமன்றம் 2016இலே சனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டது. இது மகிழத்தக்கதே. ஆயினும், மரபை விழா மேடைக்குரிய பட்டுடையாக்கி, மற்றை நாள்களிற் பெட்டியிலே பூட்டிவைப்போமாயின் அதனாற் பயனென்னை? அயல்நாட்டுப் பிள்ளையைக் குறைகூறுமுன் நம் வகுப்பறையை நோக்குவோம். மனனப் போட்டியிலே பரிசு பெறும் மாணவன், தான் ஒப்புவித்த பாட்டின் பொருளை அறியாதிருத்தல் இங்கும் காணக்கூடியதொன்றே.

ஆதலின், ஆசிரியரும் பெற்றோரும் "ஏன்?" என்ற கேள்வியைச் சினவாது வரவேற்றல் வேண்டும். தேவாரம் ஒன்றைப் பண்ணோடு ஓதுதல் நன்று. அதன் பொருளைத் தன் சிங்கள நண்பனுக்கோ ஆங்கில நண்பனுக்கோ அவன் மொழியிலேயே எடுத்துரைக்க வல்லனாதல் அதனினும் நன்று. இதற்குத் தமிழறிவும் வேண்டும், பிறமொழியறிவும் வேண்டும். இவ்வாற்றல் வாய்க்கப்பெற்றவன் கலந்து பழகுதற்பொருட்டு எதனையும் கைவிட வேண்டுவதில்லை. நண்பர் குழாத்தினுள்ளே வெறுங்கையோடு புகாது, கொடுக்கத்தக்க ஒன்றுடன் புகுகின்றான்.

பழைய மாணவர் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். இவ்விழாவை முன்னிட்டுக் கட்டடத்துக்கும் விளையாட்டிடத்துக்கும் நீவிர் வழங்கும் நன்கொடை பெரிது. அதனோடு, ஊருக்கு வரும்போது ஒரு மணி நேரம் மேல்வகுப்பு மாணவரோடு அமர்ந்து உரையாடுமின். பிறர் நடுவே வாழ்ந்த காலத்தில் உம்மை நோக்கி எழுந்த வினாக்கள் யாவை, அவற்றுள் விடைகூற இயலாது நின்றவை யாவை என்பவற்றை அவர்க்குச் சொல்லுமின். எந்தப் பாடநூலும் அதனைக் கற்பிக்கமாட்டாது.

மாணவர்காள்! எந்நாடு செல்லினும் செல்லுங்கள். எவரோடும் மனமொன்றிப் பழகுங்கள். உங்கள் பெயரின் பொருளை ஒருவர் வினவும்போது, தலைகுனியாது விடைகூறும் அறிவை இக்கல்லூரியிலிருந்தே கொண்டுசெல்லுங்கள். நம் கல்லூரித் தாய் நீடூழி வாழ்க!