உழைப்பாளியின் வீடும் வரலாறே

மன்னர் வாழ்ந்த மாளிகையைக் காப்பது வரலாற்றுத் தொண்டு. கல்லுடைத்தவன் வாழ்ந்த வீட்டைக் காப்பது வீண் செலவு! இவ்வாறு பேசுவோர் எந்நாட்டிலும் உளர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள மினரல் பாயின்ட் என்னும் சிற்றூர் அவர்களுக்குத் தக்க விடை தருகிறது.

1830-களில் அங்கே ஈயச் சுரங்கத் தொழில் செழித்தது. முதலில் வந்தவர்களுள் பலர் குன்றுச் சரிவுகளில் வளை தோண்டிக் குடியிருந்தனர். ஈயம் தீர்ந்தால் வேறிடம் பெயர்வதே அவர்கள் நோக்கம். பின்னர், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வாலிலிருந்து சுரங்கத் தொழிலாளர் குடும்பம் குடும்பமாகக் கடல் கடந்து வந்தனர். பாறையைப் பிளக்கும் கையாலேயே சுவரும் எழுப்பத் தெரிந்தவர்கள் அவர்கள். உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லை வெட்டி, தாயகத்தில் விட்டுவந்த வீடுகளைப் போலவே தடித்த சுவர்களுடன் சிறு வீடுகளைக் கட்டினர். "வந்தேறி" என எவரை உலகம் இகழ்கிறதோ, அவரே நிலைத்து நிற்கும் வீட்டைத் தந்தார்!

1849-இல் கலிபோர்னியாவின் பொன் பலரையும் அழைத்துச் சென்றது. காலப்போக்கில் வீடுகள் பாழடைந்தன. 1930-களில், கல்லுக்காகவே சில இடிக்கப்பட்டன. சுவரின் கல்லுக்கு விலை இருந்தது. அதைக் கட்டிய கைக்கு மதிப்பில்லை. இதுவா நீதி?

"பழங்கல்லைக் கட்டியழுதால் வயிறு நிறையுமா?" என்று கேட்பர் சிலர். நிறைந்ததே! 1935-இல் ராபர்ட் நீல், எட்கர் ஹெல்லம் என்னும் இருவர் அத்தகைய வீடொன்றை வாங்கிச் செப்பனிட்டு, 'பெண்டார்விஸ்' எனக் கார்ன்வால் பெயரிட்டனர். அங்கேயே உணவகம் நடத்தினர். மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் பொதிந்து சுட்ட 'பாஸ்டி' என்னும் கார்ன்வால் உணவைப் பரிமாறினர். அடுத்தடுத்த வீடுகளும் உயிர்பெற்றன. அரச ஆணைக்கும் செல்வர் கொடைக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை. 1971-இல் அவ்வீடுகள் மாநில வரலாற்றுச் சங்கத்தின் பொறுப்பில் வந்தன. இருவர் தொடங்கிய பணியை அரசு பின்னரே ஏற்றது என்பதை மறவாதீர்.

ஆகவே, "பெயர் பெற்ற எவரும் இங்கே வாழவில்லையே" என்று சொல்லி ஒரு வீட்டை இடிக்கத் துணிவோர் சற்றே சிந்திக்கட்டும். மன்னனுக்குக் கல்வெட்டுண்டு, செப்பேடுண்டு, புகழ்பாடப் புலவருண்டு. உழைப்பாளிக்கோ அவன் எழுப்பிய சுவரே கல்வெட்டு. அதையும் தகர்த்துவிட்டு, அவன் வரலாற்றை வேறெங்கே சென்று தேடுவது?